கதவோர ஸ்டிக்கரைப் படித்தீர்களா? டிரெய்லர் இழுப்பது பற்றி வாசகர் கேள்விகள்

மே மாத இறுதியில் நினைவு தின விடுமுறை வந்ததும் அமெரிக்காவில் கேம்பிங் பருவம் களைகட்டிவிடும். கனடாவில் விக்டோரியா தின வாரத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, இந்த இதழுக்கு வந்த வாகனக் கேள்விகளில் பெரும்பாலானவை பிக்கப் டிரக்கில் டிராவல் டிரெய்லர், அதாவது படுத்துத் தங்கும் வசதியுள்ள டிரெய்லர், இழுப்பதைப் பற்றியே இருக்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பின்பம்பருக்குக் கீழே உள்ள ஹிட்ச் என்னும் இணைப்பில் பூட்டி இழுக்கும் டிரெய்லர்களுக்குத்தான் இந்தப் பதில்கள் பொருந்தும். டிரக்கின் பின்தொட்டிக்குள் பூட்டும் ஃபிஃப்த் வீல் வகைக்குக் கணக்கு வேறு.

கேள்வி: எங்களிடம் நான்கு கதவுள்ள அரை டன் வகை பிக்கப் இருக்கிறது. 11,000 பவுண்டு வரை இழுக்கும் என்று விளம்பரத்திலும் கையேட்டிலும் போட்டிருக்கிறார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேருக்கு ஏற்றவாறு அடுக்குக் கட்டில் உள்ள 30 அடி டிரெய்லர் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். அதன் வெற்று எடை 6,200 பவுண்டு, மொத்த எடை வரம்பு 7,600 பவுண்டு. "உங்கள் டிரக்கின் திறனில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?
— வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: இந்த டிரக்கை வைத்துக்கொண்டு அந்த டிரெய்லரை வாங்க வேண்டாம். விற்பனையாளர் சொன்ன 11,000 பவுண்டு பொய்யல்ல. ஆனால் நால்வர் கொண்ட ஒரு குடும்பம் சாமான்களோடு ஏறி உட்கார்ந்த பிறகு அந்த எண்ணுக்கு நடைமுறையில் வேலை இல்லை.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்ற தரநிலைப்படிதான் இப்போது பெரிய நிறுவனங்கள் எல்லாம் தங்கள் டிரக்குகளின் இழுதிறனை மதிப்பிடுகின்றன. டொயோட்டா 2011 மாடல்களிலேயே இதை ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் சில ஆண்டுகள் இழுத்தடித்த பிறகே வந்து சேர்ந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து கிழக்கே ஏறும் 11 மைலுக்கும் சற்று அதிகமான மலைச்சாலையில், கடும் வெயிலில், ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, பின்புறம் ஒற்றைச் சக்கர டிரக் என்றால் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும் என்பது அந்தத் தரநிலையின் சோதனைகளில் ஒன்று. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இது கடுமையான, நேர்மையான சோதனைதான். ஆனால் டிரக்கினுள் ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர் இருப்பதாகவும், ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடை டிரெய்லர் எடையில் பத்து சதவீதம் மட்டுமே என்றும் வைத்துத்தான் அந்தக் கணக்கு போடப்படுகிறது. உங்கள் வீட்டில் நான்கு பேர். டிராவல் டிரெய்லர்களில் அந்த அழுத்தும் எடை பத்து சதவீதத்தில் நிற்பதும் அரிது.

உங்கள் வரம்பைச் சொல்லும் எண் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில், மஞ்சளும் வெள்ளையுமாக டயர் படம் போட்ட ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். பேலோடு என்று சொல்வது அதைத்தான். ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம், மின்சார இருக்கை என்று வசதிகள் கூடக்கூட டிரக்கின் சொந்த எடை ஏறி, பேலோடு குறைந்துகொண்டே வரும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் டிரக்கில் உள்ள எண் உங்களுக்கு உதவாது. உங்கள் கடிதத்தோடு வந்த புகைப்படத்தில் அந்த எண் 1,480 பவுண்டு என்று இருக்கிறது. வசதிகள் நிறைந்த அரை டன் டிரக்குகளில் சாதாரணமாகக் காணக்கூடிய எண்தான் இது. (அரை டன் என்பது வகையின் பெயர்தான், சுமக்கும் அளவல்ல.)

இனி அதிலிருந்து கழித்துக்கொண்டே வருவோம். பெரியவர்கள் இருவரும் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 480 பவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பின்தொட்டியில் ஐஸ் பெட்டி, சிறிய ஜெனரேட்டர், விறகு, மடக்கு நாற்காலிகள் எல்லாம் 150 பவுண்டுக்குக் குறையாது. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் (பின்னால் அழுத்தும் சுமையை ஸ்பிரிங் கம்பிகளால் மற்ற சக்கரங்களுக்கும் பங்கிடுவது) மட்டுமே ஏறக்குறைய 90 பவுண்டு. ஆக 720 பவுண்டு போய்விட்டது, மீதம் 760. டிரெய்லரின் முன்கூர் ஹிட்ச் பந்தின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை, அதாவது டங் எடை, இந்த 760க்குள் அடங்க வேண்டும்.

டிரெய்லரின் 6,200 பவுண்டு என்பது தண்ணீரோ, பாத்திரமோ, படுக்கை விரிப்போ, பல சமயம் பேட்டரியோகூட இல்லாத வெற்று எடை. ஒரு குடும்பம் ஒரு வாரத்துக்குக் கிளம்பினால் ஆயிரம் பவுண்டு சர்வ சாதாரணமாக ஏறிவிடும். அப்படியானால் 7,200 பவுண்டு. டிராவல் டிரெய்லரில் டங் எடை மொத்தத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும். நடுவில் பதின்மூன்று சதவீதம் என்று பிடித்தால் 936 பவுண்டு. உங்களுக்கு மீதமிருப்பதோ 760. இழுதிறனில் இன்னும் மூவாயிரம் பவுண்டுக்கு மேல் மிச்சம் இருப்பதாக விளம்பரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சுமக்கும் வரம்பில் 176 பவுண்டு தாண்டிவிட்டீர்கள். அரை டன் டிரக்குகளில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது பேலோடுதான். எஞ்சின் இழுத்துவிடும், பின்புற ஸ்பிரிங், அச்சு, டயர் ஆகியவைதான் மாட்டிக்கொள்ளும்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் எதை வாங்கலாம் என்பது தெரிந்துவிடும். 760ஐ 0.13ஆல் வகுத்தால் சுமார் 5,800 வருகிறது. சாமான்கள் ஏற்றிய பிறகு அந்த எடைக்குள் இருக்கும் டிரெய்லரைத் தேடுங்கள். அதாவது வெற்று எடையைப் பார்க்காமல், டிரெய்லரின் ஸ்டிக்கரில் உள்ள மொத்த எடை வரம்பே ஏறக்குறைய அந்த அளவில் இருப்பதாகப் பாருங்கள். அடுக்குக் கட்டிலோடு 22 முதல் 25 அடிக்குள் அப்படிப்பட்டவை கிடைக்கின்றன. 30 அடிதான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், மாற்ற வேண்டியது டிரக்கை. முக்கால் டன் வகைக்குப் போக வேண்டியிருக்கும். அங்கும் ஒரு எச்சரிக்கை: டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல் எடை உள்ளது. ஆகவே ஒரே முக்கால் டன் மாடலில் டீசல் வண்டி அதிகம் இழுக்கும், குறைவாகச் சுமக்கும். அங்கேயும் கதவோர ஸ்டிக்கரைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் போட்டுவிட்டால் பேலோடு கூடிவிடும் என்கிறார்கள் சிலர், கூடாது என்கிறார்கள் சிலர். நெடுஞ்சாலை ஓரத்து லாரி எடைமேடையில் மூன்று முறை எடை போட்டு, எண்களை அனுப்பியிருக்கிறேன். எங்கள் டிரக்கின் மொத்த எடை வரம்பு 7,050 பவுண்டு. பின்னச்சு வரம்பு 4,050. நாங்கள் பத்திரமான நிலையில் இருக்கிறோமா?
— வாசகர், ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

பதில்: எடை போட்டுப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். மற்ற வாசகர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் உள்ள எடைமேடையில் தனித்தனித் தட்டுகள் இருக்கும். டிரக்கின் முன்சக்கரம் முதல் தட்டிலும், பின்சக்கரம் இரண்டாம் தட்டிலும், டிரெய்லரின் சக்கரங்கள் மூன்றாம் தட்டிலும் நிற்குமாறு ஓட்டி நிறுத்தி, ஓரத்துக் கம்பத்தில் உள்ள பொத்தானை அமுக்கினால் உள்ளேயிருந்து ஒருவர் பேசுவார். லாரிக்காரர்கள் கைக்கெட்டும் உயரத்தில் அந்தப் பொத்தான் இருப்பதால் நாம் இறங்கிப் போய் அமுக்க வேண்டிவரும். ஹிட்ச்சின் ஸ்பிரிங் கம்பிகளை மாட்டிய நிலையில் ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை, டிரெய்லரை எங்காவது நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும் ஒரு முறை என மூன்று சீட்டுகள் வாங்க வேண்டும். மறு எடைக்குக் கட்டணம் குறைவு. குடும்பத்தினர் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். காபி வாங்கப் போய்விட்டால் கணக்கு பிசகிவிடும்.

உங்கள் சீட்டுகளின்படி, டிரக் மட்டும் நின்றபோது முன்னச்சில் 3,300, பின்னச்சில் 3,020, ஆக 6,320 பவுண்டு. டிரெய்லரைப் பூட்டி, கம்பிகள் மாட்டாதபோது முன்னச்சு 2,960, பின்னச்சு 4,160, ஆக 7,120. டிரெய்லர் அச்சுகளில் 5,300. டிரக்கின் 7,120க்கும் 6,320க்கும் உள்ள வித்தியாசமான 800 பவுண்டுதான் உங்கள் டங் எடை. டிரெய்லரின் உண்மையான மொத்த எடை 6,100. அதில் 800 என்பது பதின்மூன்று சதவீதம், நல்ல அளவு.

இதில் கவனிக்க வேண்டியது முன்னச்சு. 800 பவுண்டு பின்னால் ஏறியதும் பின்னச்சில் 1,140 பவுண்டு கூடியிருக்கிறது. ஏனென்றால் ஹிட்ச் பந்து பின்னச்சுக்கும் பின்னால் ஐந்தடி தள்ளி இருப்பதால், அங்கே ஏறும் சுமை டிரக்கின் மூக்கைத் தூக்கி, முன்னச்சிலிருந்து 340 பவுண்டைப் பிடுங்கிப் பின்னச்சில் போட்டுவிடுகிறது. ஸ்டியரிங்குக்குப் பிடிப்புத் தருவதும், பிரேக்கின் பெரும்பங்கைச் செய்வதும் முன்சக்கரங்களே என்பதால், அவை இலேசாவதுதான் ஆபத்து. அந்த நிலையில் உங்கள் டிரக் மொத்த எடை வரம்பை 70 பவுண்டும், பின்னச்சு வரம்பை 110 பவுண்டும் தாண்டியிருந்தது.

கம்பிகளை மாட்டிய பிறகு முன்னச்சு 3,180, பின்னச்சு 3,800, டிரெய்லர் அச்சுகள் 5,440. அதாவது முன்னச்சு இழந்த 340இல் 220 திரும்ப வந்திருக்கிறது. 140 பவுண்டு டிரெய்லரின் சக்கரங்களுக்கே போயிருக்கிறது. டிரக் இப்போது 6,980இல் நிற்கிறது. ஆகவே, சாலையில் ஓடும்போது நீங்கள் எல்லா வரம்புகளுக்கும் உள்ளே இருக்கிறீர்கள். ஆனால் மொத்த எடையில் மிச்சம் 70 பவுண்டுதான். விடுமுறை முடிந்து திரும்பும்போது பின்தொட்டியில் இரண்டு மூட்டை ஏறினால் அதுவும் போய்விடும்.

உங்கள் கேள்விக்கான பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது. இந்த வகை ஹிட்ச் சுமையை இடம் மாற்றி வைக்கிறது. அதில் ஒரு பகுதி டிரெய்லர் அச்சுக்குப் போவதால் டிரக்குக்குச் சற்று ஆறுதல் கிடைக்கிறது. கதவோர ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது மாற்றுவதில்லை. என் கருத்தில், டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஆறுதலைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. வாங்கிய பிறகு எடைமேடையில் கிடைத்தால் இலாபம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். முன்னச்சுக்கு எவ்வளவு எடை திரும்ப வர வேண்டும் என்பது டிரக்குக்கு டிரக் மாறுபடும் என்பதால் உங்கள் கையேட்டில் பாருங்கள். கம்பிகளை அதிகம் முறுக்கிவிட்டால் பின்சக்கரப் பிடிப்பு குறைந்து வேறு தொல்லை வரும்.

எடைமேடைக்குப் போக முடியாத நாட்களில், சமதளத்தில் முன்சக்கரத்துக்கு மேலே உள்ள ஃபெண்டர் வளைவின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று, டிரெய்லர் பூட்டும் முன், பூட்டிய பின், கம்பி மாட்டிய பின் என மூன்று தடவை டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை சாமான்கள் இடம் மாறியிருந்தால் அந்த அளவுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: பின்புறம் ஏர் பேக் ஸ்பிரிங்கும், கூடுதல் சுமை தாங்கும் டயரும் போட்டால் சுமக்கும் வரம்பு உயருமா?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உயராது. டிரக்கின் பின்புறம் தாழாமல் மட்டமாக நிற்கும், அவ்வளவுதான். மட்டமாக நிற்பதைப் பார்த்து எடை சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். முன்னச்சிலிருந்து போன எடை திரும்ப வருவதில்லை. அச்சு, அதன் பேரிங்குகள், பிரேக், சட்டம் ஆகிய எல்லாவற்றையும் வைத்துத்தான் நிறுவனம் வரம்பை நிர்ணயிக்கிறது. ஒன்றை மட்டும் பலப்படுத்தினால் மற்றவை பழைய பலத்திலேயே இருக்கும். டிரக்கில் ஹிட்ச்சைச் செருகும் குழாயான ரிசீவரில் உள்ள ஸ்டிக்கரையும் குனிந்து படித்துவிடுங்கள். சாதாரணமாகப் பூட்டினால் ஓர் எண், எடைப் பகிர்வு ஹிட்ச்சோடு பூட்டினால் வேறு எண் என்று இரண்டு வரிகள் அதில் இருப்பதுண்டு. முதல் எண் பல அரை டன் டிரக்குகளில் இரண்டாவதைவிட மிகவும் குறைவு.

கேள்வி: கடந்த கோடையில் ஐ-70 நெடுஞ்சாலையில் போகும்போது, பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிச் சென்றதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஆட்டம் கூடிக்கொண்டே போனது. என் கணவர் பிரேக்கை மிதித்தார், இன்னும் மோசமாயிற்று. எப்படியோ ஓரங்கட்டி நின்றோம். டிரெய்லரின் பின்பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டு பொருத்தி நான்கு சைக்கிள்கள் மாட்டியிருந்தோம். அதுவா காரணம்? மறுபடி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, டப்ளின், ஒஹாயோ

பதில்: பெரும்பாலும் சைக்கிள்கள்தான் காரணம், வேகமும் சேர்ந்திருக்கும்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பது கைவந்த கணக்கு. பின்பாரம் ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டுத் தூக்கிக்கொள்ளும். டிரெய்லரிலும் அதே நெம்புகோல்தான். சைக்கிளும் ஸ்டாண்டுமாகச் சேர்ந்து 150 பவுண்டு, டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் பன்னிரண்டு பதின்மூன்று அடி தள்ளித் தொங்கினால், அது முன்புற டங் எடையிலிருந்து நூறு பவுண்டு அளவுக்குக் குறைத்துவிடும். டங் எடை பத்து சதவீதத்துக்குக் கீழே போய்விட்ட டிரெய்லர் நிலைகுலைவதற்கு ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருக்கும். தாண்டிச் செல்லும் லாரியின் காற்று முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுப்பதால், அந்தச் சாக்கு கிடைத்துவிடுகிறது. அது மட்டுமன்றி, இரு கோடியிலும் எடை இருக்கும் டிரெய்லர் ஒரு முறை ஆடத் தொடங்கினால் அடங்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். எடை அச்சுக்கு அருகே இருந்தால் சீக்கிரம் அடங்கும். பல டிரெய்லர்களின் பின்பம்பர் மெல்லிய தகடால் ஆன சதுரக் குழாய்தான் என்பதால், அது சைக்கிள்களைத் தாங்குமா என்பதே தனிக் கேள்வி.

வேகம் ஏன் முக்கியம் என்றால், இழுபடும் ஒவ்வொரு வண்டிக்கும், அதன் எடைப் பரவலைப் பொறுத்து, ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஏற்படும் ஆட்டம் தானாகத் தணியும். அதற்கு மேலே ஏற்படுவது தானாக வளரும். மணிக்கு 70 மைலில் வளர்கிற ஆட்டம் 60இல் தணிந்துவிடக்கூடும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியது இது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் ஆடும் ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய முயன்றால், நம் கை எப்போதும் ஒரு கணம் பிந்துவதால், ஆட்டத்துக்கு நாமே தாளம் போட்டதாகிவிடும். டிரக்கின் பிரேக்கை மிதிக்காதீர்கள். முன்னால் டிரக் தடுக்க, பின்னால் டிரெய்லர் தள்ள, நடுவில் மடிந்துவிடும். டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரில், டாஷ்போர்டில் கைக்கெட்டும் இடத்தில், கையால் நகர்த்தும் ஒரு சிறு நெம்பு இருக்கும். அதை நகர்த்தினால் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும். டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகிவிடும். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்பது கண்ணால் தேடாமலே கைக்குத் தெரிய வேண்டும். ஆகவே காலியான வாகன நிறுத்துமிடத்தில் உங்கள் கணவரும் நீங்களும் மாறி மாறிப் பழகிக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். எல்லை வேகத்தைத் தாண்டிய வண்டியை மேலும் தாண்டச் செய்யும் வேலை அது.

ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வுக் கருவிகள் விற்கிறார்கள். எடைப் பகிர்வு ஹிட்ச்சுகள் சிலவற்றில் அது சேர்ந்தே வருகிறது. இப்போதைய டிரக்குகளில் கணினியே பிரேக்கைத் தொட்டுக் கட்டுப்படுத்துகிறது. எல்லாம் நல்லவைதான். ஆனால் பின்பாரத்தோடு ஓடும் டிரெய்லரில் இவற்றை நம்புவது, நோயை விட்டுவிட்டு வலி மாத்திரை விழுங்குவதுதான். சைக்கிள்களை முதலில் டிரக்குக்கு மாற்றுங்கள். அப்போது அவற்றின் எடை பேலோடில் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஜூலையில் டென்வரிலிருந்து மேற்கே மலைகளைத் தாண்டிப் போகிறோம். சமவெளியில் எங்கள் டிரக் சிரமமின்றி இழுக்கிறது. மலையில் வேறு கவனம் தேவையா?
— வாசகர், ஓமாஹா, நெப்ராஸ்கா

பதில்: ஏறுவதில் பொறுமை, இறங்குவதில் கவனம். டர்போ இல்லாத எஞ்சின், கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடி ஏறுவதற்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் வீதம் சக்தியை இழக்கும். ஐ-70இல் வரும் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். டர்போ எஞ்சினுக்கு இந்த இழப்பு மிகக் குறைவு. உயரத்துக்கு ஏற்ப எடை வரம்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் கையேடுகளும் உண்டு. ஏற்றத்தில் வலதுபுறத் தடத்தில் லாரிகளோடு லாரியாக மெதுவாக ஏறுங்கள். எஞ்சின் வெப்பநிலை ஏறினால் வேகத்தைக் குறையுங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

சுரங்கத்தின் இருபுறமும் ஏழு சதவீதச் சரிவு வரை உண்டு. எந்த வேகத்தில் இறங்க விரும்புகிறீர்களோ அந்த வேகத்தைச் சரிவு தொடங்கும் முன்பே அடைந்து, டிரெய்லர் இழுப்பதற்கென உள்ள டோ/ஹால் பொத்தானை அமுக்கி, கீழ் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளுமாறு விட வேண்டும். எஞ்சின் உறுமும், கையேட்டில் உள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டாதவரை அந்த உறுமலால் தீங்கில்லை. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறி, மிதி கெட்டியாக இருந்தும் பிடிக்காத நிலை வரும். விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் உறுதியாக அழுத்தி, விரும்பிய வேகத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து, காலை எடுத்துவிட வேண்டும்.

கிளம்பும் முன் டிரெய்லர் பிரேக்கின் அளவைச் சரிபாருங்கள். ஆள் இல்லாத சமமான சாலையில் மணிக்கு 25 மைல் அளவில் போகும்போது அந்தக் கை நெம்பை முழுவதும் நகர்த்தினால், டிரெய்லர் உங்களை அழுத்தமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஆனால் அதன் சக்கரங்கள் உருளாமல் தேயக்கூடாது. தேய்ந்தால் அளவைக் குறையுங்கள். இழுக்கவில்லை என்றால் கூட்டுங்கள்.

கேள்வி: ஒன்ராறியோவில் சாதாரண ஜி வகுப்பு உரிமத்தோடு எவ்வளவு பெரிய டிரெய்லரை இழுக்கலாம்? பிரேக் கட்டாயமா?
— வாசகர், ஸ்கார்பரோ

பதில்: ஜி வகுப்பில், வாகனமும் டிரெய்லரும் சேர்ந்து 11,000 கிலோ வரை இருக்கலாம், ஆனால் இழுபடும் டிரெய்லர் மட்டும் 4,600 கிலோவைத் தாண்டக்கூடாது. பெரும்பாலான டிராவல் டிரெய்லர்கள் இதற்குள் அடங்கிவிடும். டிரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால் அதற்குத் தனிப் பிரேக் கட்டாயம். குடும்பம் தங்கும் அளவுள்ள டிராவல் டிரெய்லர் அந்த எடைக்குக் கீழே வருவது அரிது என்பதால், உங்களுக்குக் கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்கு ஏழு முனை இணைப்பு தேவை. நான்கு முனை இணைப்பில் விளக்குகள் மட்டுமே எரியும்.

பூட்டு கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாதபடி இரண்டாவது இணைப்பாகச் சங்கிலி வேண்டும். இரு சங்கிலிகளையும் முன்கூருக்குக் கீழே குறுக்காகப் போட்டு மாட்டினால், முன்கூர் கழன்று விழுந்தாலும் தரையைக் குத்தாமல் அந்தத் தொட்டிலில் நிற்கும். டிரெய்லர் பிரிந்துவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்கச் செய்யும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதைச் சங்கிலியிலோ ஹிட்ச்சின் கழற்றக்கூடிய பகுதியிலோ மாட்டாமல், டிரக்கோடு நிலையாக உள்ள பகுதியில் மாட்ட வேண்டும். ஹிட்ச்சே கழன்று போகும்போது கம்பியும் அதோடு போய்விட்டால் அதனால் பயனில்லை. டிரெய்லரில் உள்ள பேட்டரி தீர்ந்திருந்தாலும் அது வேலை செய்யாது. உரிமமும் பிரேக்கும் சரியாக இருப்பதனால் எடை வரம்புக்குள் இருப்பதாக ஆகிவிடாது; முதல் கேள்விக்கான கணக்கு கிலோவிலும் அதேதான்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போகலாமா, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புவதா?
— வாசகி, சான் ரமோன், கலிஃபோர்னியா

பதில்: ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்குச் சற்று அதிகம். 40 கேலன் தொட்டி என்றால் 330 பவுண்டுக்கு மேல். அது டிரெய்லரின் மொத்த எடை வரம்பில் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். தொட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. அச்சுக்கு முன்னால் இருந்தால் டங் எடை கூடி, டிரக்கின் பேலோடைத் தின்னும்; பின்னால் இருந்தால் டங் எடை குறைந்து, மேலே சொன்ன ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும். முகாமில் குழாய் இருந்தால், வழியில் கழிப்பறைக்குத் தேவையான சில கேலன்களோடு கிளம்புங்கள். குழாய் இல்லாத இடத்துக்குப் போவதானால், தொட்டி நிரம்பிய நிலையில் ஒரு முறை எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டிகளையும் கிளம்பும் முன் காலி செய்துவிடுவது இதே காரணத்துக்காகத்தான்.

கேள்வி: பயன்படுத்திய டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம். டயர்களில் பட்டன் தேயவே இல்லை. அப்படியே ஓட்டலாமா?
— அதே வாசகி

பதில்: டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஐந்தாறு ஆண்டு கடந்திருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், ஓட்டுவதற்கு முன், டிரெய்லரின் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள். குறைந்த காற்றோடு ஓடும் டயர்தான் சூடேறி வெடிக்கும். டிரெய்லருக்கென்றே செய்யப்படும் எஸ்.டி. வகை டயர்களில் வேறு குறி இல்லாவிட்டால் 65 மைலே உச்ச வேகம் என்று கொள்வது வழக்கம். உங்கள் மாநிலத்திலோ டிரெய்லர் இழுக்கும் வாகனங்களுக்குச் சட்டப்படியே 55 மைல்தான். டயர் மாற்றிய பிறகு முதல் 50 மைலில் ஒரு முறை நிறுத்தி, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்கிப் பாருங்கள். டயர் கடைக்காரர் நன்றாக முறுக்கியிருந்தாலும், சக்கரம் தன் இடத்தில் சரியாகப் பொருந்தி அமர்ந்த பிறகு அவை சற்றுத் தளர்வதுண்டு.